நண்பன் அங்கே, நீங்கள் இங்கே: மனநெருக்கடியில் இருப்பவரைத் தூரத்திலிருந்து தாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு 11:40. சிங்கப்பூரில் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, சென்னையில் இருக்கும் நண்பனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்டா மச்சான். நீ நல்லா இரு." அங்கே மணி 9:10. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருபது நிமிடம், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு யாரைத் தெரியும் என்று போனில் உள்ள பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். பதினாலு வருடப் பழக்கம். அவன் அம்மா எந்தக் கடையில் காப்பித்தூள் வாங்குவார் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அவன் இப்போது குடியிருக்கும் வீட்டின் கதவு எண் தெரியாது, ஹவுஸ் ஓனர் நம்பர் தெரியாது, கூட வேலை பார்க்கும் ஒருவரின் பெயர்கூடத் தெரியாது.

கடைசியில் கல்லூரியில் எங்களோடு படித்த ஒருவன் வழியாக ஒரு ஆள் போய்க் கதவைத் தட்டினார். நண்பன் இன்று நன்றாக இருக்கிறான், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்த இருபது நிமிடத்தில் எனக்கு உறைத்தது இதுதான்: தூரத்தில் இருக்கிறவருடைய முதல் வேலை, பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது. நாம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் போனுக்குக் கை கால் கிடையாது. கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகிறது.

இப்போதே நடந்துகொண்டிருக்கிறது என்றால், இதை மட்டும் முதலில் படியுங்கள்

நண்பர் போனில் இருக்கிறார் என்றால் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எங்கே இருக்கிறார், கூட யாராவது இருக்கிறார்களா, ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டாரா. கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றோ மழுப்பலாகவோ பதில் வந்தால் அதற்கு மேல் ஆறுதல் பேச நேரமில்லை, உடனே ஆம்புலன்ஸ் போக வேண்டும். "இப்ப பரவாயில்ல, ஒண்ணும் ஆகல" என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில பாதிப்புகள் வெளியே தெரிய நேரமாகும்.

இங்கேதான் தூரம் நம்மைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, பொதுவான அவசர எண் 112. ஆனால் நீங்கள் பெங்களூரில் இருந்து 108 அடித்தால் அழைப்பு கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், வெளிநாட்டில் இருந்து அடித்தால் இந்தியாவுக்கே போகாது. ஆகவே அந்த எண்ணை அடிக்க வேண்டியவர் அந்த ஊரில் இருப்பவர். உங்களிடம் இரண்டு போன் இருந்தால் ஒன்றில் நண்பரோடு பேசிக்கொண்டே இன்னொன்றில் அந்த ஊர் ஆளுக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரு போன்தான் என்றால் பேசியபடியே வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் யாரையாவது எழுப்பி அந்த வேலையைக் கொடுங்கள். யாருமே கிடைக்கவில்லையென்றால் நண்பரின் பகுதிக் காவல் நிலையத்தின் லேண்ட்லைன் எண்ணுக்கு, எஸ்டிடி கோடோடு, வெளிநாட்டிலிருந்து என்றால் +91 சேர்த்துக் கூப்பிடுங்கள்.

முகவரி சொல்லும்போது தெருப் பெயரோடு நிறுத்தாதீர்கள். எத்தனையாவது மாடி, கீழே என்ன கடை, எந்தப் பக்கம் படிக்கட்டு, கதவு உள்ளே தாழ் போட்டிருக்குமா என்பது வரைக்கும் சொல்லுங்கள். அவர் வெளியில் எங்கோ இருக்கிறார் என்றால் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள், 8 மணி நேரம் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், 15 நிமிடம் போதாது.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்ற பயத்தில் பல வீடுகளில் மருத்துவமனைக்குப் போகவே தயங்குகிறார்கள். தெரிந்துகொள்ளுங்கள்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 115, தற்கொலைக்கு முயன்ற ஒருவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆவது பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனையில் ஒரு பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து விசாரிக்கலாம், அது நடைமுறை. அதற்குப் பயந்து தாமதிப்பதுதான் ஆபத்து.

நேராகக் கேளுங்கள்

நம்மூரில் இதைக் கேட்கும் விதமே கதவைச் சாத்துவதாக இருக்கிறது. "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டியே?" என்று கேட்கிறோம். அதற்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும், "சேச்சே, இல்ல." நமக்கு நிம்மதி, அவருக்கு இன்னும் தனிமை. நான் அன்று கேட்டது, பின்னாளில் மனநல ஆலோசகர் ஒருவரும் சரி என்று சொன்னது: "மச்சான், சாகணும்னு தோணுதா?" அவ்வளவுதான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. பலருக்கு "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே" என்றுதான் இருக்கிறது.

"ஆமாம்" என்று வந்தால் பதறாமல் அடுத்ததைக் கேளுங்கள். எத்தனை நாளாக? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? அதற்கான பொருள் பக்கத்தில் இருக்கிறதா? இன்றைக்கா? இவற்றில் ஆமாம் கூடக்கூட அவசரம் கூடுகிறது. திட்டமும் இருக்கிறது, பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது.

இன்னொன்று, சத்தியம் வாங்காதீர்கள். "என் மேல சத்தியம் பண்ணு, அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று கேட்பது நம் எல்லோருக்கும் பழக்கம். சத்தியம் செய்த பிறகு அந்த எண்ணம் மறுபடி வந்தால், சத்தியத்தை மீறுகிற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும், நம்மிடம் மறைக்கத் தொடங்குவார். அதற்குப் பதில், "அந்த நினைப்பு மறுபடி வந்தா, ராத்திரி எந்நேரமா இருந்தாலும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு" என்று கேளுங்கள். அது அவரால் செய்ய முடிகிற காரியம்.

ஆபத்தான பொருளைத் தூர நகர்த்துங்கள்

இந்த எண்ணத்தின் உச்சம் ஒரு அலை மாதிரி. ஏறும், இறங்கும். அந்த உச்சத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை முயற்சி செய்தார்கள். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் ஆளாளுக்குப் பெட்டி, பூட்டு என்று வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். இடையில் கொஞ்சம் தூரமும் கொஞ்சம் நேரமும் வந்தாலே பலன் உண்டு என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம்.

தூரத்தில் இருக்கும் நாம் எதையும் எடுத்துப் பூட்ட முடியாது. ஆனால் "நீ ஹாலுக்கு வா, அந்த ரூம்ல இருக்க வேண்டாம், வாசல்ல போய் உக்காந்து பேசு" என்று சொல்ல முடியும். பக்கத்தில் வரும் ஆளிடம், வீட்டில் உள்ள மாத்திரைகளையும் மற்றவற்றையும் எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல முடியும். நண்பருக்குத் தெரிந்தே செய்யச் சொல்லுங்கள். ஒளித்து வைத்தால் நம்பிக்கை போகும்.

யாரை அனுப்புவது?

இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நமக்கு உடனே தோன்றுவது அப்பா அம்மா. பல நேரம் அதுவே சரி. ஆனால் காதல் விஷயத்தில் வீட்டில் அடி விழுந்திருக்கலாம், சாதி காரணமாக மிரட்டல் இருக்கலாம், கடன் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம், தன் பாலினம் பற்றியோ பாலீர்ப்பு பற்றியோ வீட்டில் சொல்ல முடியாத நிலை இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தகவல் சொன்னால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆகிவிடும். அதனால் அவரிடமே கேளுங்கள்: "இப்ப யார் வந்தா உனக்குப் பரவாயில்ல?" அக்காவா, சித்தப்பாவா, பழைய ரூம்மேட்டா, கீழ்வீட்டு ஆண்ட்டியா, அவர் சொல்லும் பெயரே நல்ல பெயர்.

பெயர் சொல்ல மறுக்கிறார், ஆபத்தும் உடனடியாக இருக்கிறது என்றால் அவர் சம்மதம் இல்லாமலும் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் கேட்டால் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். "தேவையில்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது நண்பன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தை நான் தாங்கிக்கொண்டேன், அப்புறம் அவனே வந்தான்.

போகிற ஆளிடம் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. ஹவுஸ் ஓனரிடம், "அண்ணா, அவனுக்கு உடம்பு முடியல, போன் எடுக்க மாட்டேங்கிறான், கொஞ்சம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டிப் பாருங்க, திறக்கிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்றால் போதும். நெருங்கிய ஆள் என்றால் கூடுதலாக ஒன்று சொல்லுங்கள்: அறிவுரை வேண்டாம், திட்ட வேண்டாம், ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

போனில் என்ன பேசுவது, எதை விடுவது

"உனக்கென்ன குறைச்சல்?", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்!", "அம்மா அப்பாவ நெனச்சுப் பாரு." மூன்றுமே அன்பில்தான் வருகின்றன, மூன்றுமே வலிக்கின்றன. குறிப்பாகக் கடைசி வாசகம். தான் எல்லோருக்கும் பாரம் என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் அம்மா அப்பாவை நினைவுபடுத்தினால், அவர் மனதில் அந்தப் பாரம்தான் ஏறும். கோயிலுக்குப் போய்விட்டு வா, தர்காவுக்குப் போ, ஜெபம் பண்ணு என்பதெல்லாம் அவருக்கு நம்பிக்கை இருந்தால் நல்லதுதான், சிகிச்சையோடு சேர்த்து. சிகிச்சைக்குப் பதிலாக என்றால் வேண்டாம்.

பேசுவதைவிடக் கேட்பது அதிகம் இருக்கட்டும். "ம்", "சொல்லு", "அப்புறம் என்ன ஆச்சு" போதும். அவர் ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். அன்று அவன் போனை எடுத்த பிறகு நாங்கள் பேசியது கொஞ்சம்தான். மின்விசிறிச் சத்தம் மட்டும் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வப்போது "இருக்கேன்டா" என்று மட்டும் சொன்னேன்.

எல்லா நெருக்கடியும் சாவைப் பற்றியதாக இருக்காது. மூன்று நாளாகத் தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசுகிறார், பணத்தை அள்ளி விடுகிறார், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறார், காதில் குரல் கேட்கிறது என்கிறார் என்றால் அதுவும் அவசரம்தான். அந்த நம்பிக்கையோடு வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "உனக்கு ரொம்ப பயமா இருக்கு, எனக்குப் புரியுது, தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்த்துடலாமா" என்று தூக்கத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அதற்குச் சம்மதிப்பார்கள்.

எந்த எண்ணுக்கு அழைப்பது

இந்தியாவில் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, "என் நண்பனுக்கு இப்படி, நான் என்ன செய்ய" என்று நீங்களும் கேட்கலாம். தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவி எண் 104உம் இருக்கிறது. சிநேகாவின் எண் 044-24640050. இது சாதாரண லேண்ட்லைன் என்பதால் வெளிநாட்டிலிருந்தும் +91 44 போட்டு அழைக்கலாம், எனக்கு அது பெரிய உதவி.

நண்பர் இலங்கையில் என்றால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926, ஆம்புலன்ஸுக்கு 1990. சிங்கப்பூரில் 1767, ஆம்புலன்ஸ் 995. பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. நீங்கள் ஊரில், நண்பர் வெளிநாட்டில் படிக்கிறார் என்றால் அவர் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் ஒன்று இருக்கும், அந்த எண்ணை இன்றே தேடி வையுங்கள். அங்கே காவல்துறையிடம், ஒருவர் வீட்டுக்குப் போய் நலமாக இருக்கிறாரா என்று பார்த்து வரச் சொல்லியும் கேட்கலாம்.

டாக்டரிடம் சேர்ப்பது

முதல் இரவு கடந்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும். பணம் இல்லை என்பது காரணமாக வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது, அந்தப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்தி நாமே ஆட்களை அங்கே போகவிடாமல் செய்துவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இங்கே தூரத்து நண்பரால் நிறைய முடியும். அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, கூடப் போக ஆள் ஏற்பாடு செய்வது, ஆட்டோவுக்குப் பணம் அனுப்புவது, டாக்டரிடம் சொல்ல வேண்டியதை நாலு வரியில் எழுதிக் கொடுப்பது. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு போன் செய்து நேரம் வாங்குவதே மலை ஏறுவது போல. "டாக்டரைப் பாரு" என்று சொல்வதைவிட "வியாழன் காலை பத்தரைக்கு, உன் அக்கா ஒன்பதே முக்காலுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்வது நூறு மடங்கு மேல்.

மாத்திரை பற்றி மூன்று விஷயம். மனச்சோர்வுக்கான மாத்திரை எல்லாமே தூக்க மாத்திரை இல்லை. பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. அந்த ஆரம்ப வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம், கூடுதல் கவனம் வேண்டும், பதற்றமோ சாவு எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று தானாகவே நிறுத்தவிடக் கூடாது.

அமைதியான ஒரு நாளில் எழுதி வைப்பது

கொஞ்சம் தெளிந்ததும் இருவரும் போனில் பேசியபடியே ஒரு குறிப்பு எழுதுங்கள், இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும். மோசமாகப் போகிறது என்பதற்கு அவருடைய அறிகுறி என்ன (என் நண்பனுக்கு, மூன்று நாள் குளிக்காமல் இருப்பதும் வாட்ஸ்அப் படத்தை எடுத்துவிடுவதும்). அப்போது தனியாக என்ன செய்தால் கொஞ்சம் குறையும். எந்த இடத்துக்குப் போனால் நல்லது, டீக்கடையா, மைதானமா. யாரைக் கூப்பிடலாம், வரிசையாக. டாக்டர் எண், உதவி எண்கள். வீட்டில் என்னென்ன இருக்கக் கூடாது. அதோடு முழு முகவரி, ஹவுஸ் ஓனர், பக்கத்து வீடு, அலுவலகத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர். அவர் வாயிலிருந்து வருகிற சொற்களிலேயே எழுதுங்கள்.

ஐந்தாவது வாரம்

முதல் வாரம் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஐந்தாவது வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். தூரத்து நண்பர் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான்.

1970களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போய்த் தொடர்சிகிச்சையை மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்ப வைத்தார். எதையும் கேட்காத கடிதங்கள், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்கிற அளவில்தான். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன. பதில் எதிர்பார்க்காத செய்திக்கு அவ்வளவு பலம்.

ஆகவே "ஏன் ரிப்ளை பண்ணல?" என்று கேட்காதீர்கள். நாங்கள் வைத்துக்கொண்டது இது: நான் தினமும் ஏதாவது அனுப்புவேன், ஒரு பூனைப் படம், சாப்பிட்ட தோசை, பழைய கிரிக்கெட் வீடியோ. அவன் பதில் எழுத வேண்டாம், ஒரு புள்ளி வைத்தால் போதும். ராத்திரி பத்துக்குள் புள்ளி வரவில்லையென்றால் கூப்பிடுவேன், எடுக்கவில்லையென்றால் அவன் அக்காவைக் கூப்பிடுவேன். இது இருவரும் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு. கடைசியாக எப்போது ஆன்லைன் வந்தான் என்று வேவு பார்ப்பது இதில் சேராது. சில நாள் அவன் வீட்டுக்குச் சாப்பாடு ஆர்டர் போட்டேன், கொண்டுவருகிறவருக்காகவாவது எழுந்து கதவைத் திறப்பானே என்று.

உங்களுக்கு

தனியாகச் சுமக்காதீர்கள். நாங்கள் மூன்று பேர் நாள் பிரித்துக்கொண்டோம், ஆனால் அவனைப் பற்றிப் பேச அவனுக்குத் தெரியாமல் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கவில்லை. உங்களால் முடியாத நேரத்தை நேராகச் சொல்லுங்கள்: "எனக்குக் காலைல ஷிப்ட், ஒரு மணிக்கு மேல எடுக்க முடியாது, அந்த நேரத்துல 14416 கூப்பிடு, விடிஞ்சதும் நான் கூப்பிடுறேன்." உங்கள் தூக்கம் போகிறது, போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் நீங்களும் இப்படி ஓர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசலாம், நான் பேசினேன். இவ்வளவும் செய்த பிறகும் ஓர் உயிர் கைநழுவிப் போயிருந்தால், அந்தப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து யாரிடமாவது பேசுங்கள்.

போன மாதம் நண்பன் என்னிடம் கேட்டான், "உன் ரூம்மேட் நம்பர் குடுடா. கீழ யாராவது தமிழ் ஆளுங்க இருந்தா அவங்க நம்பரும். பிளாக் எண், மாடி எல்லாம் சேர்த்து அனுப்பு." அனுப்பினேன். ஒரு புள்ளி வைத்தான்.